முதல் பிஸ்டல் வாங்க எண்ணும் அமெரிக்கத் தமிழன்பர்களுக்கு



அமெரிக்க ஐக்கிய நாடுகளில் குடியேறி, குடியுரிமையோ நிரந்தர வாச உரிமையோ பெற்று, ஓய்வு நாட்களில் நண்பர்களுடன் துப்பாக்கி சுடும் தளத்துக்குச் சென்று, அங்கே வாடகைக்குக் கிடைக்கும் துப்பாக்கியால் காகித இலக்கைத் துளைத்துப் பழகி, அந்தப் பழக்கத்தில் உண்மையான ருசி உண்டாகி, இனிச் சொந்தமாக ஒரு பிஸ்டல் வாங்கிக்கொள்வதே உசிதம் என்ற முடிவுக்கு வந்திருக்கும் தமிழன்பர்கள் அனைவருக்குமாக இம்மடலை எழுதுகிறேன். இவ்விஷயமாக உங்களில் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒரே வடிவத்தில்தான் வருகிறது: 500 டாலருக்குள், 9 மில்லிமீட்டர் ரவையைச் சுடக்கூடியதாய், 15 அல்லது 17 ரவை கொள்ளும் இரட்டை வரிசை மேகசின் உடையதாய் இருக்கிற அரைத்தானியங்கிப் பிஸ்டல்களில் எந்தக் கம்பெனியுடையது சிறந்தது?

இக்கேள்வியின் ஒவ்வோர் உறுப்பும் நியாயமானதே. அவை நிற்கும் வரிசைதான் தலைகீழாக இருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம். ஆயுதத்தை இடுப்பில் தரித்துத் திரிய எண்ணாமலும், போட்டிகளில் பரிசு பெறும் ஆசை இல்லாமலும், இலக்கின் மையத்தை நிதானமாக அணுகும் அப்பியாசத்தையே நோக்கமாகக் கொண்ட ஒருவர், முதலில் தம் கையைப் பற்றியும், அடுத்து ஆண்டு முழுவதும் வாங்க வேண்டிய ரவையின் செலவைப் பற்றியும், அதற்குப் பிறகே துப்பாக்கியின் விலையைப் பற்றியும் யோசிக்க வேண்டும். மேகசின் எத்தனை ரவை கொள்ளும் என்ற விசாரணை எல்லாவற்றுக்கும் கடைசியில் வைக்கத் தக்கது.

இதை விவரிப்பதற்கு முன், சட்டத்தைப் பற்றிய ஒரு வார்த்தையை ஒளிவுமறைவின்றிச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் நம்மவர்களிடையே இதில் அறியாமை மிகுதி. எச்-1பி முதலிய தற்காலிக விசாவில் வந்து தங்கியிருப்பவர்கள் துப்பாக்கியையோ ரவையையோ உடைமையாக வைத்திருப்பதை 1998-ஆம் ஆண்டு முதல் மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. மாநில அரசாங்கம் வழங்கிய செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே இதற்கு உண்டு. அலுவலக நண்பர்கள் அழைத்தார்கள் என்பதற்காக ஒரு மாலைப்பொழுது ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் உடைமையில் அடங்கும் என்பதே அதிகாரிகளின் வியாக்கியானம். இக்குற்றத்தின் விளைவு சிறைவாசத்தோடு நிற்பதன்று. இந்நாட்டில் ஒருவர் கட்டியெழுப்ப முயலும் வாழ்க்கையையே அது வேரோடு பறித்துவிடக்கூடும். ஆகையால் உங்களில் விசாவில் இருப்பவர்கள் குடியேற்றச் சட்டம் அறிந்த வக்கீலைக் கலந்துகொள்ளாமல் எந்தத் துப்பாக்கியையும் தொட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பச்சை அட்டை பெற்றவர்களுக்கு இத்தடை இல்லை. அவர்களும் குடியுரிமை பெற்றவர்களும், 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, 21 வயது நிரம்பியவர்களாய், தாம் வசிக்கும் மாநிலத்திலேயே, லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடம் 4473 என்ற எண்ணுடைய படிவத்தை உண்மையாகப் பூர்த்தி செய்து, பின்னணி விசாரணைக்கு உட்பட்டுப் பிஸ்டல் வாங்கலாம். நியூ ஜெர்சி, இல்லினாய் போன்ற மாநிலங்களில் அதற்கு முன்னதாகவே மாநில அனுமதியும் பெற்றாக வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருவோம். இரட்டை வரிசை மேகசின் என்ற ஏற்பாடு எதற்காக உண்டாயிற்று என்பதை அறிந்துகொண்டால், அது நமக்கு எவ்வளவு வேண்டும், எவ்வளவு வேண்டாம் என்பது தானே விளங்கும். 1920-களின் தொடக்கத்தில் பிரெஞ்சு இராணுவம், பத்து ரவைக்குக் குறையாமல் கொள்ளும் பிஸ்டல் ஒன்று வேண்டுமென்று விரும்பியது. பெல்ஜியத்தில் எர்ஸ்டால் என்னும் ஊரிலுள்ள எஃப்.என். தொழிற்சாலை அதைச் செய்து கொடுக்க முன்வந்து, அமெரிக்காவின் மகத்தான ஆயுதச் சிற்பியான ஜான் மோசஸ் பிரவுனிங்கிடம் அப்பணியை ஒப்படைத்தது. பிரவுனிங் ஏற்கெனவே உருவாக்கியிருந்த 1911 மாதிரிப் பிஸ்டலில் ரவைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே வரிசையில் நின்றன. அதன் மேகசினில் ஏழு ரவைகளுக்கே இடமிருந்தது. அந்தத் தொழிற்சாலையைச் சேர்ந்த தியுதோனே சேவ் என்பவர், ரவைகளை இடமும் வலமுமாக மாற்றி மாற்றி அடுக்கி, ஒரு வரிசையின் ரவைகள் மறு வரிசையின் இடுக்குகளில் படியுமாறு செய்யும் மேகசினை வகுத்தார். பிரவுனிங் 1926-இல் பெல்ஜியத்திலேயே பணிமனையில் உயிர் நீத்த பிறகு, குறைப்பணியை ஏற்றுப் பல ஆண்டுகள் திருத்தி முடித்தவரும் சேவ்தான். 13 ரவை கொண்ட அந்தப் பிஸ்டல் 1935-இல் ஹை-பவர் என்ற பெயருடன் வெளிவந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது கனடாவின் டொராண்டோ நகரத்தில் அது ஏராளமாகச் செய்யப்பட்டது. அதே வார்ப்பைப் பின்பற்றி இந்தியாவின் இச்சாப்பூர் தொழிற்சாலையும் நம் நாட்டுப் படைகளுக்காக 9 மில்லிமீட்டர் பிஸ்டல்களைச் செய்தது.

பிறகு வந்தவை யாவும் இந்த வம்சத்தின் கிளைகளே. ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனி 1971-இல் தன் 59-ஆம் எண் மாதிரியை வெளியிட்டது. செக்கோஸ்லோவாக்கியாவில் 1975-இல் சி.இஸட். 75 பிறந்தது, ஆஸ்திரிய இராணுவம் 1982-இல் பிளாஸ்டிக் சட்டகமுடைய கிளாக் 17-ஐ ஏற்றுக்கொண்டது, அமெரிக்கப் போலீசார் ஆறு ரவை ரிவால்வர்களைக் கைவிட்டு இவற்றுக்கு மாறினார்கள். இராணுவம், போலீஸ் என்ற இரண்டின் தேவையே இந்த ஏற்பாட்டை வளர்த்தது என்பதைக் கவனியுங்கள். எதிரில் ஆபத்து நிற்க, மேகசின் மாற்ற அவகாசமில்லாத மனிதனுக்கு ரவையின் எண்ணிக்கை உயிர்நாடி. ரேஞ்சில் நிற்கும் உங்களுக்கோ அவகாசத்தைத் தவிர வேறு செல்வம் வேண்டியதில்லை. அமெரிக்காவின் பழம்பெரும் புல்ஸ்-ஐ பந்தயத்தில், மெதுவாகச் சுடும் கட்டத்தில் பத்து ரவைக்குப் பத்து நிமிஷம் தருகிறார்கள். விரைவுக் கட்டங்களிலும் ஒரு தடவைக்கு ஐந்து ரவைதான், முதலில் 20 விநாடியில், அடுத்து 10 விநாடியில். ஒலிம்பிக்கின் 25 மீட்டர் விரைவுப் பிஸ்டல் பந்தயத்திலும் ஐந்தைந்தாகவே சுடுகிறார்கள். கை தேர்ந்தவர்களே ஐந்து ரவைக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கும்போது, பழகத் தொடங்கியவர் பதினேழு ரவையை ஒரே மூச்சில் கொட்டுவதால் விளையும் பிரயோஜனம் என்ன? ஐந்தாவது ரவைக்குள் புஜம் தளர்ந்து, கவனம் சிதறி, எஞ்சிய பன்னிரண்டும் தவறான பழக்கத்தை உறுதிப்படுத்துவதற்கே உதவும்.

அப்படியானால் ஒற்றை வரிசைப் பிஸ்டலையே வாங்கலாமே என்று கேட்பீர்கள். அது நியாயமான கேள்வி. சிறிய கையுடையவர்களுக்கு அதுவே தக்க விடையாகவும் இருக்கக்கூடும். ஆனால் இன்றைய சந்தையில் முழு அளவுடைய, ரேஞ்சுக்கு ஏற்ற, குறைந்த விலையுள்ள 9 மில்லிமீட்டர் பிஸ்டல்களில் மிகப் பெரும்பாலானவை இரட்டை வரிசையாகவே செய்யப்படுகின்றன. ஒற்றை வரிசையில் வருபவற்றில் பல, சட்டைக்குள் மறைத்துத் தரிப்பதற்கென்றே சிறிதாக்கப்பட்டவை. எடை குறைந்து, குழல் குறுகி, பிடி சுருங்கிய அச்சிறு பிஸ்டல்கள் ஒவ்வொரு ரவைக்கும் உள்ளங்கையை அறைவன. கடையில் பார்வைக்கு அழகாகவும் கைக்கு அடக்கமாகவும் தோன்றும் அவற்றை விற்பனையாளர் எவ்வளவு புகழ்ந்தாலும், ரேஞ்சுக்கென்று வாங்குகிறவர் அவற்றைத் திரும்பிப் பார்க்கவே வேண்டியதில்லை.

இரட்டை வரிசைக்கு நாம் கொடுக்கும் உண்மையான விலை டாலரில் இல்லை. பிடியின் பருமனில் இருக்கிறது. ரவைகள் இரு வரிசையாக நிற்பதால் மேகசின் அகலமாகிறது. மேகசின் பிடிக்குள் அமைவதால் பிடியும் அகலமாகிறது. அதன் சுற்றளவு கூடக்கூட, ஆட்காட்டி விரல் விசையை எட்டுவதற்குச் செல்ல வேண்டிய தூரமும் நீளுகிறது. விரல் நுனியின் சதைப்பற்றான பகுதி விசையின் நடுவில் இயல்பாகப் படிந்தால்தான் விசையை நேர் பின்னோக்கி இழுக்க முடியும். எட்டாத விரலோ விசையைச் சாய்வாகத் தள்ளுகிறது. அத்தள்ளல் குழலைப் பக்கவாட்டில் நகர்த்துகிறது. இது எவ்வளவு சிறிய நகர்வு, இதனால் எவ்வளவு பெரிய கேடு என்பதைக் கணக்காகவே காட்டலாம். சாதாரண முழு அளவுப் பிஸ்டலில் பின்குறிக்கும் முன்குறிக்கும் இடையே ஏறத்தாழ 165 மில்லிமீட்டர் தூரம் இருக்கும். 15 கெஜத்துக்கு அப்பாலுள்ள இலக்கைச் சுடும்போது, முன்குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் ரவை இலக்கில் 8 சென்டிமீட்டருக்கு மேல் விலகிப் பதியும். துப்பாக்கி செய்தவரின் சாமர்த்தியமும், நீங்கள் கொடுத்த பணமும், ரவையின் தரமும் இந்த ஒரு மில்லிமீட்டருக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போகின்றன.

ஆகவே கடைக்குச் சென்றதும் விலைச்சீட்டைப் பார்க்காதீர்கள். விற்பனையாளரைக் கொண்டு மேகசினை நீக்கச் செய்து, ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து அறை காலியாயிருப்பதை அவரும் நீங்களும் கண்ணால் கண்ட பிறகு, குழலை ஆபத்தில்லாத திசையில் வைத்துக்கொண்டு பிடித்துப் பாருங்கள். கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட வளைவு பிடியின் பின்முதுகில் உயரமாகவும் நடுவாகவும் அமர வேண்டும். முன்கை எலும்பும் குழலும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். விசையை எட்டுவதற்காக மணிக்கட்டை ஒரு பக்கம் திருப்ப நேர்ந்தால், அந்தப் பிஸ்டல் எவ்வளவு மலிவாயினும் உங்களுக்கு உரியதன்று. மேகசினை விடுவிக்கும் பொத்தானையும், ஸ்லைடைப் பிடித்து நிறுத்தும் நெம்புகோலையும் பிடியை மாற்றாமல் எட்ட முடிகிறதா என்று பாருங்கள். இக்காலத்துப் பிளாஸ்டிக் சட்டகப் பிஸ்டல்கள் பலவற்றில் பின்முதுகுப் பட்டையை மாற்றிப் பிடியின் பருமனைக் கூட்டவும் குறைக்கவும் வழி செய்திருக்கிறார்கள். இது விளம்பர அலங்காரமன்று, மெய்யான சௌகரியம். ஒரே பிஸ்டலைத் தம்பதிகள் இருவரும் சுடப்போகிறீர்களானால் இதையே பிரதான நிபந்தனையாகக் கொள்ளலாம். இரு கைகளில் சிறிய கையே தேர்வைத் தீர்மானிக்கட்டும். பெரிய கை சிறிய பிடிக்குப் பழகிக்கொள்ளும், சிறிய கைக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது.

மேகசினைப் பற்றி இன்னும் ஒன்று. இரு வரிசையாக ஏறும் ரவைகள் உச்சியில் ஒரே வரிசையாகக் குவிந்துதான் குழலுக்குள் செல்ல வேண்டியிருப்பதால், பெரும்பாலான பிஸ்டல் மேகசின்கள் மேற்பக்கம் குறுகி, உள்ளே வலிமையான சுருள்வில்லைக் கொண்டிருக்கின்றன. கடைசி மூன்று நான்கு ரவைகளை ஏற்றும்போது கட்டை விரல் நோவதற்குக் காரணம் இதுதான். ரவை ஏற்ற உதவும் சிறு கருவி சில டாலருக்குக் கிடைக்கிறது. பல பிஸ்டல்களின் பெட்டியிலேயே வருவதும் உண்டு. ஆனால் ஐந்து ஐந்தாக ஏற்றிச் சுடுகிறவருக்கு அக்கருவியும் தேவைப்படாது. கலிபோர்னியா, நியூ யார்க், நியூ ஜெர்சி முதலிய மாநிலங்களில் பத்து ரவைக்கு மேற்பட்ட மேகசின்களுக்குத் தடை இருக்கிறது. கொலராடோவில் வரம்பு 15. அங்கே வசிக்கும் அன்பர்கள் பதினேழு ரவைக்காக ஏங்க வேண்டியதில்லை என்பது இதுவரை சொன்னதிலிருந்தே புலப்படும்.

அடுத்தது எடை. கிளாக் 17 வெற்று மேகசினுடன் ஏறத்தாழ 700 கிராம். முழுதும் எஃகாலான சி.இஸட். 75 பி ஏறத்தாழ ஒரு கிலோகிராம். நாள் முழுதும் இடுப்பில் சுமக்கும் போலீஸ்காரருக்கு அந்த 300 கிராம் பாரம். ரேஞ்சில் மேஜைமேல் வைத்தெடுத்துச் சுடும் நமக்கோ அது வரம். ரவை வெடிக்கும்போது எழும் பின்னுதைப்பைக் கனமான சட்டகம் தானே உள்வாங்கிக்கொள்வதால், குழல் குறைவாக எழும்பி விரைவில் இலக்குக்குத் திரும்புகிறது. ஐம்பது ரவைக்குப் பிறகும் கை நடுங்குவதில்லை. சி.இஸட். 75-ஐ வடித்த கோட்ஸ்கி சகோதரர்கள், ஸ்லைடைச் சட்டகத்தின் உட்புறத் தடங்களில் ஓடுமாறு அமைத்தார்கள். அதனால் குழல் கையை ஒட்டிச் சற்றுத் தாழ்வாக நிற்கிறது. இரட்டை வரிசையாயிருந்தும் அதன் பிடி கையில் உறுத்தாமல் அமைவது, துப்பாக்கிக் கலையின் அழகிய சாதனைகளில் ஒன்று என்று நான் மதிக்கிறேன். வெளிநாடுகளில் அதற்குக் காப்புரிமை பதிவாகாமல் போனதால், இத்தாலியின் தன்போலியோ முதல் துருக்கித் தொழிற்சாலைகள் வரை பலர் அதைத் தழுவிச் செய்தார்கள். ஏழை எளியவர்க்கும் எட்டும் விலையில் நல்ல எஃகுப் பிஸ்டல்கள் இன்று கிடைப்பதற்கு அந்த வரலாற்று விபத்தும் ஒரு காரணம்.

இப்போது ரவையின் கணக்கைப் பார்ப்போம். மாதம் இருமுறை ரேஞ்சுக்குச் சென்று, ஒவ்வொரு முறையும் நூறு ரவை சுடுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 2,400 ரவை ஆகிறது. ஒரு ரவை 25 சென்ட் என்று கொண்டால் 600 டாலர். அதாவது முதல் ஆண்டிலேயே, நீங்கள் பேரம் பேசி வாங்கிய துப்பாக்கியின் விலையை ரவை விழுங்கிவிடும். 350 டாலர் பிஸ்டலுக்கும் 500 டாலர் பிஸ்டலுக்கும் உள்ள வித்தியாசம் ஆறு தடவை ரேஞ்சுக்குச் சென்று சுடும் ரவையின் விலைதான் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், கைக்குப் பொருந்தாத மலிவுப் பொருளைத் தேர்ந்தெடுக்கும் சபலம் அடங்கிவிடும்.

இவ்விடத்தில் ஒரு மாய வலையைப் பற்றி எச்சரிக்க வேண்டும். போலீஸ் இலாகாக்கள் திருப்பிக் கொடுத்த பழைய பிஸ்டல்கள் கடைகளில் மிக மலிவாகக் கிடைக்கின்றன, அவற்றில் பல .40 எஸ் அண்டு டபிள்யூ ரவைக்கு உரியவை. 1986-இல் மயாமி நகரில் எஃப்.பி.ஐ. அதிகாரிகளுக்கும் கொள்ளையருக்கும் நடந்த மோதலுக்குப் பின், வலிமை மிக்க ரவை வேண்டுமென்ற தேட்டத்தில் பிறந்து 1990-இல் வெளிவந்தது அந்த ரவை. நாடெங்கும் போலீசார் அதை மேற்கொண்டார்கள், பின்னர் எஃப்.பி.ஐ.யே 9 மில்லிமீட்டருக்குத் திரும்ப, மற்றவர்களும் திரும்பினார்கள். கைவிடப்பட்ட பிஸ்டல்கள் சந்தைக்கு வந்து குவிந்தன. அவற்றின் தரத்தில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த ரவை 9 மில்லிமீட்டரைவிட விலை கூடியது, உதைப்பும் கடுமையானது. யானையை மலிவாக வாங்கியவன் தீனிக்குத் திண்டாடுவது போலத்தான் அது முடியும். அதே போலீஸ் வரிசையில் 9 மில்லிமீட்டர் பிஸ்டல் அகப்பட்டால் மட்டும், குழலின் உட்புறத்தையும், மேகசின் உதடுகள் வளையாமல் இருக்கின்றனவா என்பதையும் பார்த்து, தயங்காமல் வாங்குங்கள். வெளிப்பூச்சில் உள்ள கீறல்கள் உறையில் கிடந்து உண்டானவை. அப்படிப்பட்ட துப்பாக்கி பெரும்பாலும் அதிகம் தரிக்கப்பட்டு, குறைவாகவே சுடப்பட்டிருக்கும். பின்னுதைப்புச் சுருள்வில்லை மட்டும் புதிதாக மாற்றிக்கொள்ளுங்கள், செலவு சொற்பம்.

புதிதாகவே வாங்குவேன் என்பவர்களுக்கு என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். துருக்கியில் சாம்சூன் நகரத்துக் கனிக் கம்பெனியின் முழு அளவுப் பிஸ்டல்கள், விசையின் மென்மையிலும் துல்லியத்திலும் தம் விலையை மீறிய தரம் உடையவை. எஃகின் கனத்தை வற்புறுத்தாதவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அவற்றையே. ரூகர் கம்பெனியின் செக்யூரிட்டி-9, ஸ்மித் அண்டு வெஸ்ஸனின் எஸ்.டி.9, பிரேசில் நாட்டு டாரஸின் ஜி3 ஆகியவை அவற்றிலும் மலிவு. நாணயமான உழைப்பாளிகள், ஆனால் விசை சற்று முரடு. பழைய ஹை-பவரின் அழகில் மயங்கியவர்களுக்குத் துருக்கியின் கிர்சான் கம்பெனி எம்.சி. பி35 என்ற பெயரில் அதன் மறுபதிப்பைச் செய்கிறது. சுத்தியல் பின்னுக்கு இழுபட்ட நிலையில் மட்டுமே சுடும் அந்த விசை, இலக்குச் சுடுவதற்கு இனியது. முதல் ரவைக்கு நீண்ட கனத்த இழுப்பும், அடுத்தவற்றுக்குக் குறுகிய இலேசான இழுப்பும் உடைய சி.இஸட். வகைப் பிஸ்டல்களைச் சிறிய கையுடையவர்கள் தேர்ந்தெடுக்கும்போது, அந்த முதல் இழுப்பின்போது விரல் எட்டுகிறதா என்பதைத் தனியே பரீட்சித்துக்கொள்ள வேண்டும். ரேஞ்சில் சுத்தியலைக் கையால் இழுத்து வைத்துச் சுடவும் அவற்றில் இயலும். எதை வாங்கினாலும் உபரி மேகசின் என்ன விலை, எளிதில் கிடைக்குமா என்பதை முன்கூட்டியே விசாரியுங்கள். அபூர்வமான மாதிரியை மலிவாக வாங்கிவிட்டு, மேகசினுக்கு அலைவது வீண் சிரமம்.

உண்மையில் செலவே பெரிய தடையாயிருக்கும் அன்பர்களுக்கு இன்னொரு பாதையும் உண்டு. .22 ரவை 9 மில்லிமீட்டரில் பாதிக்கும் குறைவான விலையில் கிடைப்பது. உதைப்பு இல்லையென்றே சொல்லலாம். டாரஸ் கம்பெனி 2019-இல் வெளியிட்ட டி.எக்ஸ்.22 என்ற பிஸ்டல், 16 ரவை கொள்ளும் மேகசினுடன், முழு அளவுப் பிஸ்டலின் பிடியோடு அந்தச் சிறு ரவையைச் சுடுகிறது. விசையை இழுக்கும் சாஸ்திரத்தைக் கற்பதற்கு இதைவிடச் சிக்கனமான ஆசான் இல்லை. ஓராண்டு இதில் பழகிய பிறகு 9 மில்லிமீட்டருக்குச் செல்கிறவர்கள், வெடியோசைக்கு அஞ்சி விசை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடிக் கையைத் தாழ்த்தும் அந்தப் பொல்லாத பழக்கத்திலிருந்து பெரும்பாலும் தப்பித்துவிடுகிறார்கள்.

துப்பாக்கியில் மிச்சம் பிடித்த பணத்தில் முதல் பங்கு காதுக்கு உரியது. பிஸ்டலின் வெடியோசை 150 டெசிபலைத் தாண்டும்; 140 டெசிபல் உச்சமுடைய திடீர் ஓசையே செவியின் நுண்ணிய உறுப்புகளைச் சேதப்படுத்தப் போதுமானது, அச்சேதம் திரும்புவதுமில்லை. கூரைக்குட்பட்ட ரேஞ்சுகளில் ஓசை சுவரில் மோதித் திரும்புவதால், காதுக்குள் அடைப்பானும் அதன்மேல் மூடியும் ஆக இரண்டையும் அணிந்துகொள்ளுங்கள். அடுத்தது ஈயம். ரவையின் அடியிலுள்ள தீமூட்டியில் ஈயக் கலவை இருப்பதால், ஒவ்வொரு வெடியிலும் ஈயப் புகை எழுகிறது. அது மூச்சிலும், கையிலும், சட்டையிலும், காலணியிலும் படிகிறது. நல்ல காற்றோட்டமுள்ள ரேஞ்சையே நாடுங்கள். அங்கே எதையும் உண்ணவோ குடிக்கவோ வேண்டாம். வெளியே வந்ததும் கையையும் முகத்தையும் சோப்பிட்டுக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். உடுத்திய ஆடையைத் தனியே துவையுங்கள். அந்தக் காலணியோடு குழந்தைகள் தவழும் தரையில் நடவாதீர்கள். வீட்டில் கர்ப்பிணிகளோ கைக்குழந்தைகளோ இருந்தால் இதில் இரட்டிப்பு ஜாக்கிரதை வேண்டும்.

அரிசோனாவில் 1976-இல் துப்பாக்கிப் பள்ளி ஒன்றை நிறுவிய ஜெஃப் கூப்பர் என்பவர் வகுத்த நான்கு விதிகளை ரேஞ்சில் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள்: எந்தத் துப்பாக்கியையும் ரவை ஏறியதாகவே கருதுதல், அழிக்க விரும்பாத எதன்மீதும் குழலைத் திருப்பாதிருத்தல், குறி இலக்கில் படியும்வரை விசையில் விரல் வையாதிருத்தல், இலக்கையும் அதற்கு அப்பால் உள்ளதையும் அறிந்திருத்தல். இரட்டை வரிசைப் பிஸ்டலுக்கு இவற்றோடு ஒரு விளக்கம் அவசியம். மேகசினை நீக்கிவிட்டால் துப்பாக்கி காலியாகிவிட்டது என்ற எண்ணம் உயிருக்கு உலை வைப்பது. அறைக்குள் ஒரு ரவை தங்கியிருக்கக்கூடும், இன்றைய பிஸ்டல்கள் பல மேகசின் இல்லாமலே அதைச் சுட்டுவிடும். மேகசினை நீக்கு, ஸ்லைடை இழு, அறையைக் கண்ணால் பார், விரலாலும் தடவிப் பார். இந்த வரிசை மாறக் கூடாது.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியது மிச்சமிருக்கிறது. இதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாராயில்லை. அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பாதிக்கு மேற்பட்டவை தற்கொலைகள். நம் சமூகத்தில் மனத்துயரை வெளியே சொல்லாமல் அடக்கிக்கொள்ளும் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதை நீங்கள் அறிவீர்கள். பரீட்சையில் தவறிய பிள்ளையும், வேலையிழந்த தம்பியும், தனிமையில் வாடும் பெரியவரும் இருக்கக்கூடிய வீடுகள் நம்முடையவை. லைசென்ஸ் பெற்ற வியாபாரி பிஸ்டல் விற்கும்போது பூட்டு ஒன்றும் தர வேண்டுமென்று 2005-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருக்கிறது. ஆனால் அந்தக் கம்பிப் பூட்டு மட்டும் போதாது. சுவரிலோ தரையிலோ திருகிப் பொருத்திய இரும்புப் பெட்டி ஒன்று வேண்டும்; ரவையை வேறிடத்தில் வைத்துப் பூட்ட வேண்டும்; திறக்கும் எண்ணைப் பிறந்த தேதியாக வைத்துக்கொள்ளக் கூடாது. ரேஞ்சுக்கென்றே வாங்கும் பிஸ்டலை அவசரமாக எடுக்க வேண்டிய தேவை எதுவும் இல்லாததால், இந்த ஏற்பாட்டில் உங்களுக்கு இழப்பு ஏதுமில்லை. வீட்டில் யாரேனும் மனம் தளர்ந்திருக்கும் காலத்தில், மாநிலச் சட்டம் இடம் கொடுக்குமாயின், துப்பாக்கியை வீட்டுக்கு வெளியே வைத்துவிடுங்கள். பாதுகாத்துத் தரும் ரேஞ்சுகளும் கடைகளும் சில ஊர்களில் உண்டு.

ஆகையால் இந்த மாதம் எதையும் வாங்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஊர் ரேஞ்சில் வாடகைக்குள்ள இரட்டை வரிசைப் பிஸ்டல்களில் கைக்கு இசைந்ததாகத் தோன்றும் மூன்றை, ஒரே நாளில், ஒரே வகை 9 மில்லிமீட்டர் ரவையால், பத்து கெஜத்தில், ஐந்தைந்து ரவையாகச் சுட்டுப் பாருங்கள். காகிதத்தில் எதன் ஐந்து துளைகள் நெருங்கி நிற்கின்றனவோ அதன் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முதலில் இரும்புப் பெட்டியை வாங்கிச் சுவரில் பொருத்துங்கள். அது பொருத்தப்பட்ட பிறகே பிஸ்டலை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும் அன்பன்